டைனமோவுக்குள் சந்தனப் பொட்டு

இன்று சிவாஜிநகரில் எங்கள் டீசல் பிக்கப்பின் சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிந்தது, அணையவே இல்லை.

ஓட்டுநர் முனுசாமி வெளிறிப்போனார். பேட்டரி மறுபடி இறங்கினால் வேலை போய்விடும் என்று வண்டிக்குச் சொந்தக்காரனான என் தம்பி எச்சரித்திருந்தான்.

"டைனமோ போச்சு மா, மாத்தணும்," என்றார் பக்கத்துக் கடையிலிருந்து வந்த மெக்கானிக்.

நான் பௌதிகம் படித்தவள். டைனமோவின் சிறிய வயரைக் கழற்றச் சொன்னேன். அது மாட்டும் இடத்துக்குள் காய்ந்த சந்தனம், மேலே குங்குமம்; மின்சாரம் போக வழியில்லை.

"ஆயுத பூஜைக்கு வெச்சேன் மா," என்றார் முனுசாமி.

"வெளியில வெச்சா ஆகாதா?"

"வெளியில வெச்சா உதுந்துடும் மா."

சுரண்டி, முடுக்கி, வண்டியைக் கிளப்பியதும் விளக்கு அணைந்தது. நடுத்தெருவில் நின்று கைதட்டினேன். ஒரு குதிரைவண்டிக்காரரும் சேர்ந்துகொண்டார்.

தம்பியிடம் வயர் தளர்ந்திருந்தது என்று மட்டும் சொன்னேன்.

உங்கள் வண்டிகள் எங்கெங்கே பொட்டு வைத்திருக்கின்றன? கழற்றிப் பார்த்து எழுதுங்கள்.