அத்தான் காரில் எரிந்த சோந்த் விளக்கு

அது எந்தக் கிழமை தொடங்கியது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எண்பதுகளின் பிற்பகுதி, ஒரு ஐப்பசிச் சனிக்கிழமை. அக்காவும் அத்தானும் நானும் அம்பகரத்தூர் கோயிலுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். திருநள்ளாறு தாண்டியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கே போனாலும் நேரத்தையும் கிலோமீட்டரையும் குறித்துக்கொள்வது என் வழக்கம். காலை ஒன்பது இருபது, மீட்டரில் சரியாக ஐம்பதாயிரம். குறித்ததோடு சரி, யோசிக்கவில்லை.

கார் அத்தானுடையது. பிரெஞ்சு ராணுவ மருத்துவமனையில் ஆர்டர்லியாக வேலை பார்த்து ஓய்வு பெற்று, காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு காரைக்கால் பக்கம் கோவில்பத்துக்கு வந்து சேர்ந்தவர். பழைய வண்டிதான், ஆனால் பின்னால் ‘டர்போ’ என்று எழுதியிருந்தது. தெருவில் அவருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

விளக்கின் கீழே பிரெஞ்சில் ‘சோந்த்’ என்று ஒரு சொல். அதைப் படித்ததும் அத்தான் வண்டியை ஓரம் கட்டினார்.

“சோந்த்னா என்னங்க?” என்றாள் அக்கா.

“மூத்திரம் போவாதவங்களுக்கு வைக்கிற குழாய். முப்பது வருஷமா நான்தானே வச்சு உட்டேன், எனக்குத் தெரியாதா?”

“காருக்கு எதுக்குங்க அது?”

“அடைச்சுக்கிட்டா வீங்கி வெடிச்சுடும். பேசாம எறங்கு.”

கோயிலுக்குப் போகாமலே மெதுவாகத் திரும்பினோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு அலுவலகத்தில் நேரில் நின்று, தாம் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். வருடா வருடம் உள்ளதுதான். போகாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். பஸ்ஸில் போகலாம். ஆனால் போன வருஷம் வரிசையில் நின்ற பழைய சகாக்கள் அத்தனை பேரிடமும், அடுத்த முறை என் காரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

“பஸ்ஸுல போயி எறங்குறதுக்கு, நான் செத்துட்டேன்னே அவங்க எழுதிக்கட்டும்” என்றார்.

திங்கட்கிழமை மெக்கானிக் வந்தார். அம்பாசிடரைத் தவிர வேறு வண்டியைத் திறந்து பார்க்காதவர். மூத்திரக் குழாய் என்று கேட்டும் அவர் சிரிக்கவில்லை. கண்ணில் பட்ட ரப்பர் குழாய்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி, வாயில் வைத்து ஊதினார்.

“எல்லாம் நல்லாத்தான் போவுதுங்க முசியே. உங்க வண்டிக்கு நீர்க்கடுப்பு இல்ல.” பிரெஞ்சுக்காரர்களின் ‘ஐயா’தான் அந்த முசியே.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை நான் அகராதியைப் புரட்டினேன். ‘சோந்த்’ என்பதற்கு உள்ளே விட்டுச் சோதிக்கும் கருவி என்றும் பொருள் இருந்தது. காரின் கையேட்டில் படமும் கிடைத்தது: புகைக்குழாயில் செருகியிருக்கும் ஒரு சென்சார். வெளியேறும் புகையை வேவு பார்ப்பது அதன் வேலை. மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது.

“பொகையத்தானே பாக்குது? நம்ம ஊர்ல அதை யாரு பாக்கச் சொன்னா? ஒயரை வெட்டி டைரக்ட் குடுத்துடுவோம்.”

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒயரை வெட்டி, வண்டியின் இரும்போடு சேர்த்து முறுக்கினார். அத்தான் சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது. பின்னாலிருந்து கரும்புகை கிளம்பி, அக்கா கொடியில் காயப்போட்டிருந்த வேட்டிகளை மறைத்தது.

“டைரக்ட் குடுக்குறீங்களா, தகனம் பண்றீங்களா?” என்று உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

சிவப்பு விளக்கு மட்டும் அணையவில்லை. காரைக்கால்மேட்டுப் படகுக்காரர்கள் பார்த்திருந்தால் கலங்கரை விளக்கம், கரை வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அன்று சாயங்காலம் அத்தான் என்னிடம், “பாண்டிக்கு மொத பஸ் எத்தனை மணிக்கு மாப்ள?” என்று கேட்டார். வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

வியாழக்கிழமை, படம் மட்டும் பார்த்துவிட்டு மூடியிருந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில் இருந்தது. ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஆனதும் இந்த விளக்கு தானாக எரியும்; சென்சாரை ஒருமுறை சோதித்துவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள பட்டனை அமுக்கினால் அணைந்துவிடும். பழுது என்று எங்குமே சொல்லவில்லை. வெறும் ஞாபகமூட்டல். உடனே என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமை, ஐம்பதாயிரம். என் கையெழுத்தேதான்.

அத்தானிடம் சொன்னேன்.

“எழுதி வச்சிருந்தியா?”

“ஆமாங்க அத்தான்.”

“சனிக்கெழமையேவா?”

“ஒன்பது இருவதுக்கு.”

“எழுதுறதுக்கு நீ. படிக்கிறதுக்கு வேற ஆளு வைக்கணுமா மாப்ள?”

மெக்கானிக் ஒயரைப் பழையபடி இணைத்து டேப் சுற்றினார். புகை நின்றது. பிறகு மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். ‘டக்’ என்றது. விளக்கு அணைந்தது.

வெள்ளிக்கிழமை பாண்டிச்சேரியில், சகாக்கள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அத்தான் அவர்களுக்காகவே இரண்டு தடவை ஸ்டார்ட் செய்து காட்டிவிட்டு உள்ளே போனார். பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

வீடு திரும்பியதும் அக்கா வாசலிலேயே கேட்டாள்: “என்னங்க சொன்னாங்க?”

“பழுது ஒண்ணுமில்லயாம். பட்டனை அமுக்கி உட்டாங்க. இனிமே அடுத்த ஐப்பசியிலதான் எரிவேன்.”