நிம்பஸ் என்றால் மழைமேகம்

மாதா படத்தில் தலையைச் சுற்றி ஒரு பொன் வட்டம் இருக்கிறதே, அதற்கு லத்தீனில் நிம்பஸ் என்று பெயர். அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் மழைமேகம். கொட்டுகிற மேகத்துக்கு இன்றும் படித்தவர்கள் அதையே சொல்கிறார்களாம். எனக்கு இதைச் சொன்னவர், மாதம் ஒருமுறை ரயிலில் வந்து எங்கள் தோட்டத்துக் கோயிலில் பூசை வைத்த சாமியார். அவர் அதைச் சொல்ல நேர்ந்தது எங்கள் மூத்த மகளின் சாவினால்.

நாடு சுதந்திரம் வாங்கிச் சில வருஷம் கழிந்திருக்கும். பட்டிப்பொல ரயில் நிலையத்துக்கு மேலே, மலையில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே மேகம் வானத்தில் நிற்காது, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து அறைகளுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கம்பளி ஈரம், விறகு ஈரம், சுவரும் ஈரம். அப்படிப்பட்ட ஒரு மழைக்காலத்தில் பிறந்த மகளுக்கு ஒரு வாரத்துக்குள் சளி கட்டி மூச்சு இழுத்தது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "சூடா வச்சிக்கங்க" என்று மட்டும் சொல்லிப் போனார். ரயில் பாதையில் மண் சரிந்து கிடந்தது. சாமியார் வர வழியில்லை.

ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளை மோட்சம் காணாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். ஆபத்து நேரத்தில் யாரும் கொடுக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் அவள் உதடு நீலம் பாய்ந்தது.

"ஏங்க, நீங்களே ஊத்துங்க!" என்று மனைவி கத்தினாள்.

குடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குப் போய்ப் பிடித்துவர நேரமில்லை. பிள்ளையோடு வாசலுக்கு ஓடி, தகரக் கூரையிலிருந்து ஒழுகிய மழைத் தண்ணீரைக் கையில் ஏந்தி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லித் தலையில் மூன்று தரம் ஊற்றினேன். மாதாவின் பெயரையே வைத்தேன். குளிர் பட்டதும் கண்ணைச் சுருக்கினாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார், மந்திரித்த கல்லறை நிலத்தில் குழி வெட்ட விடவில்லை.

"கூர மேல காக்கா எச்சம், பாசி, கரி எல்லாம் கெடக்கு. அதுல வழிஞ்சது ஞானஸ்நானமா? சாமி வந்து சொல்லட்டும்."

"அதுவரைக்கும் புள்ளைய எங்கண்ணே வச்சிருக்கறது?"

"கல்லற வேலிக்கு அந்தாண்ட வைங்க."

வேலிக்கு வெளியே, தேயிலைச் செடிகளின் ஓரத்தில் புதைத்தோம். அதன் பிறகு மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. "அவ எங்கங்க இருக்கா?" என்று அதையே கேட்பாள்.

பாதை திறந்ததும் சாமியார் வந்தார். இருவரும் பீடத்தடியில் முழங்காலிட்டு நடந்ததைச் சொன்னோம்.

"பிதா சுதன் பேரச் சொல்லிக்கிட்டே உங்க கையால ஊத்துனீங்களா?"

"ஆமா சாமி. கூரைத் தண்ணி."

"எந்தத் தண்ணின்னா என்ன? அது ஞானஸ்நானந்தான். உங்க மக மோட்சத்துல இருக்கா." உபதேசியார் பக்கம் திரும்பினார். "இனிமே நீங்களா தீர்ப்புச் சொல்லாதீங்க."

உபதேசியார் தரையைப் பார்த்தார். மனைவி அழுதுகொண்டே இருந்தாள். அவளைத் தேற்றத்தான் சாமியார் மாதா படத்தைக் காட்டினார்.

"அந்த வட்டத்தைப் பாரும்மா. நிம்பஸ்னு சொல்லுவாங்க. லத்தீன்ல மழைமேகம்னு அர்த்தம். அந்தக் காலத்து ரோமாபுரி ஆளுங்க, தெய்வம் பூமிக்கு வந்தா பளபளக்குற மேகத்தைப் போத்திக்கிட்டு வரும்னு நம்புனாங்க. அந்த மேகமே சுருங்கி, படம் எழுதுறவங்க கையில வட்டமா ஆயிருச்சு. பொறகு நம்ம புனிதர்களுக்கும் எழுதுனாங்க. மேகம் கெட்டதில்லம்மா."

மனைவி முகத்தைத் துடைத்தாள்.

"மேகத்துக்கா சாமி இங்க பஞ்சம்? அதுதான எம் புள்ள நெஞ்சுல எறங்குச்சு."

சாமியார் தீர்த்தத்தை எடுத்துக்கொண்டு மழையிலேயே நடந்து போய், வேலிக்கு வெளியே அந்த ஓரடி மண்ணை மந்திரித்தார். குழி உள்ளே வரும்படி வேலியைத் தள்ளிப்போடத் தோட்டத்துத் துரையிடம் போய்க் கேட்டார். தேயிலை நிலத்தில் ஒரு சாண்கூடக் கிடையாது என்றுவிட்டார் துரை.

கொழுந்து எடுக்கக் குழியை ஒட்டிய வரிசையைத் தனக்கே விடச் சொல்லி மனைவி கங்காணியிடம் கேட்டு வாங்கினாள். அந்த இடம் வந்ததும் கூடையை இறக்கிவிட்டு ஒரு மாதா செபம் சொல்லுவாள். மேகம் மூடிய நாட்களில் பக்கத்து வரிசைக்காரிகளுக்கு அவள் குரல் மட்டும் கேட்குமாம். மகள் மோட்சத்தில் இருக்கிறாள் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். நாங்கள் தோட்டத்தை விட்டுப் போகும்வரை வேலி நகரவில்லை.