காதுக்குமிழ் இறுக அரை மணித்தியாலம்

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போவதை யாரும் பிரயாணம் என்று எழுதுவதில்லை. ஆறேழு மைல்தான். என்னைப் போலக் காது மந்தமானவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. என் தம்பி சிங்கப்பூரிலிருந்து சீமைக்குப் போகும் கப்பல் கொழும்பில் சில மணி நேரம் நிற்கும், காலையில் ஜெட்டிக்கு வந்தால் பார்க்கலாம், பத்துப் பத்துக்குக் கப்பலுக்குத் திரும்பும் கடைசி லோஞ்ச் படகு என்று அவனிடமிருந்து தந்தி. ஆறு வருடத்துக்கு முன் என் சொல்லைக் கேளாமல் போனவன். கோபத்தில் நான் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. அவன் குரலைக் கேட்க வேண்டும் என்பதே அன்றைய ஆசை.

காய்ச்சலுக்குப் பயந்து எல்லாவற்றையும் கொதிநீரில் போடுவது எங்கள் வாடகை வீட்டு வழக்கம். அன்று காலை, சுத்தமாகப் போவோமே என்று நான் கேட்க வைத்திருக்கும் செவிக்குழலின் நுனியில் காதுக்குள் செருகும் குமிழையும் போட்டுவிட்டேன். அது கட்டாபர்ச்சா, மலாயாவிலிருந்து வரும் மரப்பிசின். எடுத்துப் பார்த்தால் இடியப்ப மாப் போலக் குழைந்து கிடந்தது. குமிழ் இல்லாவிட்டால் சந்தடியில் எனக்கு ஒன்றும் கேட்காது.

எட்டுப் பத்து ரயிலில் கோட்டைக்கு. அங்கிருந்து கிராண்ட்பாஸ் ட்ராம், இறங்கிக் கால் மைல் நடை. குமிழைச் செய்து தந்த, பல் கட்டும் ஹமீது நானாவின் கொட்டாஞ்சேனைக் கடைக்குப் போனபோது ஒன்பது ஐந்து.

அவர் பிசினை வெந்நீரில் இளக்கினார். வெறுங்குழலைக் காதில் அழுத்திக்கொண்டு, "ஐஸ் வைச்சால் கெதியாய் இறுகாதோ?" என்று கேட்டேன்.

குழலுக்குள் சத்தமாகச் சொன்னார்: "அவசரமாக் குளிர வெச்சாச் சரிவராது, ஐயா. ஆற ஆற உள்ளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா அடுக்காச் சேரணும். எல்லாம் சேராது. சேந்தது இறுகும், மத்தது நெகிழ்வா ஈக்கும். அதாலதான் காது நோகாது. அர மணித்தியாலம் வாய அசைக்க வேணாம். அசைச்சாக் காதோட வடிவம் மாறிப் போகும், குமிழ் நிக்காது."

குழலோடு சேர்த்துக் குமிழைக் காதில் பொருத்தியபோது ஒன்பது நாற்பது. ரிக்‌ஷாவில் ஜெட்டிக்குப் பதினைந்து நிமிடம். வாயை இறுக மூடியபடி இறங்கினேன்.

தம்பி பருத்திருந்தான். குழலை அவன் பக்கம் நீட்டினேன். கடற்கரை இரைச்சலிலும் அவன் குரல் தெளிவாகக் கேட்டது. சிரிப்பு மாறவில்லை. கப்பல் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னான், லண்டன் வேலையைப் பற்றிச் சொன்னான். நான் காதைக் காட்டி, உதட்டில் விரலை வைத்தேன். தன்னைப் பேசாதே என்கிறேன் என்று விளங்கிக்கொண்டானாக்கும், முகம் சுருங்கிவிட்டது.

"நான் இனித் திரும்பி வருவனோ தெரியாது, அண்ணை. நீங்கள் ஒண்டும் கதைக்கிறியள் இல்லை. இன்னும் கோவமோ?"

மணி பத்து ஐந்து. இறுக இன்னும் ஐந்து நிமிடம்.

"இல்லையடா, கோவமில்லை. நான்தான் பிழை" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

குமிழ் காதுக்குள் நெளிந்து கழன்றது. தம்பி என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு லோஞ்ச் மணி அடிக்கும்வரை ஏதோ சொன்னான். உதடுகள் அசைந்ததைத்தான் பார்த்தேன். அவனோடு லோஞ்ச் போய்விட்டது.

போகிறவர்களுக்குச் சில யோசனை. காலை ஏழு மணி ரயிலைப் பிடியுங்கள், கூட்டம் குறைவு. குமிழைப் பச்சைத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள். கெட்டுப்போனாலும் பயமில்லை, அந்தப் பிசின் எத்தனை தரமும் இளகி இறுகும். மறுநாளே அதே துண்டை நானா திரும்பச் செய்து தந்தார். இப்போது நன்றாகக் கேட்கிறது. எல்லாம் எனக்குக் கேட்டது என்று நம்பிப் போன தம்பியிடம், அன்று என்ன சொன்னான் என்று கடிதத்தில் கேட்க மூன்று தரம் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை.