மட்கார்டில் உட்கார்ந்தவர்

யுத்தம் முடிந்த வருஷம். பெட்ரோல் கிடைக்காமல் பூந்தமல்லியில் ஒரு கொட்டகையில் கிடந்த பழைய காரை மறுபடி ஓட வைக்கும் வேலை என்னிடம் வந்தது. எல்லாம் முடிந்தும் வண்டியின் பாரம் தாங்கும் இரும்பு வில்லான முன்பக்கத்துக் கமான் பட்டைதான் என்னைப் படுத்தியது. புதிதாக வளைத்த பட்டை விறைத்துக்கொண்டு நிற்கும். மேலே பாரம் ஏறி அழுத்தினால்தான் அது நீண்டு, துளைகள் நேராகி, போல்ட் நுழையும். எப்போதும் என் மனைவிதான் மட்கார்டில் ஏறி உட்காருவாள். நான் அடியில் படுத்து வேலை செய்ய, அவள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள். அந்தத் தை மாதம் அவள் காலமாகிவிட்டாள்.

கல்லையும் மண் மூட்டையையும் ஏற்றிப் பார்த்தேன், சரிந்து விழுந்தன. வேறு வழியில்லாமல், காட்டுப்பாக்கத்துக்கு வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு மாட்டுவண்டிக்காரரைக் கூப்பிட்டேன்.

“சும்மா குந்திக்கினு இருந்தா போதுமா நைனா?” என்று சிரித்தபடி ஏறினார். ஏறியதுமே தன் மாடு தண்ணீர் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

போல்ட் டக்கென்று நுழைந்துவிட்டது. நான் சொல்லவில்லை. ஸ்பானரை வெறுமனே திருப்பியபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் மாட்டிலிருந்து மருமகளுக்குப் போனார், அங்கிருந்து மழைக்கு.

வெயில் சாய்ந்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. “ஏறிடுச்சு அண்ணாத்தே, எறங்குங்க” என்றேன்.

“அது அப்பவே ஏறிச்சே, சத்தம் கேக்கலியா எனக்கு? நீயா சொல்றவரிக்கும் குந்திக்கினு இருப்போம்னுதான் இருந்தேன்.”

அப்புறம் எத்தனையோ வண்டிகளுக்குக் கமான் பட்டை மாட்டிவிட்டேன். போல்ட் ஏறியதும் “இறங்குங்க” என்று சொல்ல இன்றும் எனக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது.