மழையில் பார்த்த பிறகே வரைந்த வளைவுகள்

அம்மோனியா வாடை... வரைபடங்களை நகலெடுக்கும் அறைக்குள் கால் வைத்தாலே கண்ணில் நீர் வழியும்.

கொன்வென்ட் படிப்பு முடிந்த கையோடு, ஹட்டனில், மலைநாட்டு ரோடுகளைப் போடும் வீதிகள் அலுவலகத்தில் படம் வரையும் வேலைக்குச் சேர்ந்தேன். கோடு மயிரிழை பிசகினாலும் கிழித்துப் போட்டு மறுபடி வரைவேன். அதில் இன்றும் எனக்குப் பெருமைதான்.

எங்கள் பெரிய எஞ்சினியருக்கு ஒரு வழக்கம். அடைமழையில் நேரே போய்ப் பார்க்காத எந்த ரோட்டு வளைவையும் வரைய விடமாட்டார். மழை பிடித்ததும் ஜீப் புறப்படும். கினிகத்தேனைப் பக்கம் குடையோடு நின்று, காலில் அட்டை ஏற ஏற, மலைத்தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று பார்ப்போம்.
அந்த இடத்தில்தான் தண்ணீர் ஓடும் கானும் மதகும் படத்தில் ஏறும்.

கணக்குப் பிரிவுக்காரருக்குப் பொறுக்காது.

"மழையப் பாக்கப் போறதுக்கும் பெட்ரோலா மிஸ்? ஜன்னலத் தொறந்தா தெரியாதா?"

எங்கள் சர்வேயர் விடமாட்டார். "ஜன்னல் வழியாப் பாத்தா ஒங்க மேசைதாங்க நனையும். மண்ணு எங்க வழுக்குதுன்னு தெரியாதுங்களே!"

அந்த சர்வேயரைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். ஓய்வு பெற்றதும் அதே கினிகத்தேனை ரோட்டுக்கு மேலே வீடு கட்டினோம். அவர் போன பிறகும் அங்கேதான் இருக்கிறேன், தனியாக.

இப்போது அந்த ரோட்டை அகலமாக்குகிறார்கள். அளக்க வந்தது நல்ல வெயிலில். செலவைக் குறைக்கவென்று மண் பரிசோதனையும் இல்லை, மலைப்பக்கக் கானும் இல்லை. என் வீட்டுக்குக் கீழே சரிவை வெட்டினார்கள். ஒவ்வொரு மழைக்கும் மண் சரிகிறது... மெஷின் வந்து அள்ளுகிறது... மறுபடி சரிகிறது.

வந்த எஞ்சினியரிடம், படத்தை மாற்றிக் கான் போடக்கூடாதா என்று கேட்டேன்.

"படம் கொழும்புல பாஸாகிடுச்சு ஆன்ட்டி. இனி டிசைனுக்குக் காசு இல்லீங்க."

"அப்ப மண்ணு அள்ள மட்டும் காசு எங்கருந்து வருது?"

"அது வேற கணக்குங்க ஆன்ட்டி."



அன்று கோடு போடுமுன் மலையைப் போய்ப் பார்த்தோம். இன்று மலை சரிந்த பிறகு வந்து பார்க்கிறார்கள்.

என் முற்றத்தில் வெடிப்பு. கை நுழைகிறது. போன கிழமை கிராம சேவகர் வந்து சொல்லிவிட்டார்: "அடைமழை தொடங்குறதுக்கு முந்தி வெளியேறிருங்கம்மா. இனி இங்க இருக்க ஏலாது."

நாளைக் காலை மகன் வீட்டுக்குப் போகிறேன். சாமான் எல்லாம் கட்டியாயிற்று.

புறப்படும்போது கதவைப் பூட்டுவதா, வேண்டாமா... அதுதான் தெரியவில்லை.