கிணற்றோரம் நாலு வரிசை

எழுத்து என்று எது வீட்டுக்குள் வந்தாலும் நைனா என் கையில்தான் கொடுப்பார். கரண்ட் பில், மாத்திரை அட்டை, ரேஷன் கடை மெசேஜ். "படிச்சவன் நீதானேடா, பாத்துச் சொல்லு." எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு.

திருத்தணி மார்க்கெட்டில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் எங்கள் கத்தரிக்காய் மூட்டைகளைப் பறிமுதல் செய்தபோது அந்தக் கர்வத்தில்தான் சத்தம் போட்டேன். முன்பு சோதனைக்கு எடுத்துப்போன காயில் பூச்சிமருந்து நஞ்சு அளவுக்கு மேல் இருந்ததாம்.

"மேடம், இதையேதான் நாங்களும் துன்றோம். எங்க நைனா அப்படிப்பட்டவர் இல்லீங்க."

"அப்ப நிலத்தைக் காட்டுப்பா" என்றார் அதிகாரி. ஜீப்பில் முன்னால் உட்கார்ந்து வழி சொன்னவன் நான்தான்.

நிலத்தில் நைனாவும் அம்மாவும் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "வீட்டுக் கொழம்புக்கு எங்கேம்மா பறிப்பீங்க?" என்று அதிகாரி அம்மாவிடம் சாதாரணமாகக் கேட்டார்.

"இதோ, கெணத்தாண்ட நாலு வரிசைங்க. இதுக்கு மருந்தே அடிக்கமாட்டோம்." அம்மா பெருமையாகக் கைகாட்டினாள். "அந்தாண்ட இருக்கறதுலாம் மார்க்கெட்டுக்கு. அதை வாயில வெக்க முடியுமா?"

நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மோட்டார் கொட்டகையில் கிடந்த மருந்து பாட்டிலை அதிகாரி எடுத்து என்னிடம் நீட்டினார். அடித்த பிறகு எத்தனை நாள் பறிக்கக்கூடாது என்று தமிழிலேயே போட்டிருந்தது.

"எப்ப அடிச்ச நைனா?"

"முந்தாநேத்து. அடிக்கலன்னா புழு. புழு இருந்தா எவன் வாங்கறான்?"

எனக்கு டீச்சர் ஞாபகம் வந்தது. என்னைப் பத்தாவது தேறவைத்தவர். வாராவாரம் அவர் வீட்டுக்கு ஒரு பை காய் கொண்டுபோவேன். பையை நிரப்பித் தருவது நைனா.

"டீச்சருக்கு எதுல எடுத்த?"

"மூட்டையிலதான். வூட்டுக் காய்ல ஓட்டை இருக்கும். அவங்களுக்குப் போய் சொத்தையா குடுக்கறது? பளபளன்னு பாத்துப் பொறுக்கித்தான்டா போட்டேன்."

அதிகாரி பறிமுதல் காகிதத்தைக் கொடுத்தார். நைனா அதை வழக்கம்போல என் பக்கம் நீட்டினார். "படிச்சுச் சொல்லுடா."

"அந்த பாட்டிலை மட்டும் ஏன் எங்கிட்ட காட்டல?"

"நீ படிச்சிருந்தா அடிக்க வுட்டிருப்பியா?"

காகிதத்தை வாங்காமல் நைனாவின் சைக்கிளை எடுத்தேன். நேற்றுத்தான் ஒரு பை கொடுத்திருந்தேன். டீச்சர் அதை இன்னும் சமைத்திருக்கக் கூடாது.