ஜன்னல் வழியே கொட்டிய பால்

யுத்தம் முடிந்த மறு வருஷம். எனக்குப் பத்தொன்பது வயது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்த என் வீட்டுக்காரர் மேல் கனன்றுகொண்டிருந்த கல் சரிந்து, நெஞ்சிலிருந்து முழங்கால் வரை உடம்பு வெந்துவிட்டது. மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த நர்சம்மா இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாலில் ஏதோ வெள்ளைப் பொடியைக் கலந்து, என்னிடம் கொடுத்துப் புகட்டச் சொல்வார். அதோடு விட்டாரா? என் வீட்டுக்காரருக்கு மலம் எடுக்கும் பீங்கான் தட்டை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்ப்பார். இதென்ன கண்றாவி என்று நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எங்கள் குரும்பலூர்ப் பக்கத்தில் தீப்புண்ணுக்குப் பால் ஆகாது, சீழ் வைத்துவிடும் என்பார்கள். இந்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்து, அவர் தலை மறைந்ததும் பாலை ஜன்னல் வழியே கொட்டிவிட்டு, கஞ்சித் தண்ணீர் இரண்டு வாய் கொடுப்பேன். இப்படியே மூன்று நாள். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கே நினைப்பு!

நாலாம் நாள் காலையில் தட்டைப் பார்த்த நர்சம்மாவின் முகம் மாறிவிட்டது. மலம் தார் மாதிரி கறுப்பாக இருந்தது.

"ஏம்மா, நெசத்தச் சொல்லு. பால் உள்ள போச்சா இல்லியா?"

அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அறையப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒடம்பு இந்த அளவுக்கு வெந்தா வயித்துக்குள்ளயும் புண்ணு வரும்மா. வெறும் வயித்துல ஊறுற புளிப்புத் தண்ணி அத அரிச்சு ரத்தம் கசிய வச்சிரும். அந்தப் புளிப்ப அடக்கி, அது வராம காக்கத்தான் இந்தப் பாலும் பொடியும். கறுப்பா போறது ரத்தம்மா."

தோல் வெந்ததற்கு வயிறு புண்ணாகுமா! உடனே டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டார். நர்சம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாலைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நான் செய்த பாவத்துக்கு அந்த மனுஷி கிடந்து பாடுபட்டார். ஐந்து நாள் கழித்து, தட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

"பாரும்மா, மஞ்சளா போயிருக்காரு! ரத்தம் நின்னுபோச்சு!"

சிரிக்காதீர்கள், அந்தத் தட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அப்புறம் என் வீட்டுக்காரரோடு நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தினேன். யார் கண்ணுக்கும் தெரியாத இடத்துப் புண்ணை, எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்கிற ஒன்றில் கண்டுபிடித்தாரே அந்தப் புண்ணியவதி, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.